மெத்தைக்கார பாயம்மாவும் என் மொட்டைக் கடுதாசியும்

பாலக்கோட்டில் எங்கள் தெருவுக்கு மெத்தை வாங்க வருகிறவர்களுக்கு முதலில் ஒரு ஸ்டூல் கிடைக்கும். அதில் உட்கார்ந்து, தங்கள் மெத்தைக்குள் போகப்போகிற பஞ்சு மூட்டையைத் தாங்களே பிரித்துப் பார்க்க வேண்டும். கையை உள்ளே விட்டு அடிவரை துழாவ வேண்டும். அதற்குப் பிறகுதான் பாயம்மா உறைக்குள் பஞ்சைத் திணிக்கத் தொடங்குவார். கடைசித் தையல் விழும்வரை வாங்குகிறவர் எழுந்து போகக் கூடாது. அவசரம் என்று சொன்னால், "அப்ப நாளைக்கு வாங்க" என்பார். வேறு எந்த ஊரிலும் மெத்தைக் கடையில் இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய நேர்மைக்கு அடையாளமாக இதை ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவர் நேர்மையானவர்தான். ஆனால் இந்த வழக்கம் வந்தது நான் எழுதிய ஒரு பொய்யால். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தெருவில் நான் வீடு கட்டி வந்தபோது பாயம்மாவின் தகரக் கொட்டகை பக்கத்து மனையில் ஏற்கெனவே இருந்தது. கணவர் இளவயதிலேயே போய்விட்டார். கைக்குழந்தையாக ஒரு மகள். கணவர் செய்த மெத்தைத் தொழிலை அவரே எடுத்துச் செய்தார். மெத்தைக்குப் பருத்திப் பஞ்சு, தலையணைக்கு இலவம்பஞ்சு. சித்தேரிப் பக்கத்து மலைகளிலிருந்து இலவங்காய் மூட்டைகள் வரும். ஓட்டை உடைத்து, கொட்டையை நீக்கி, பஞ்சைக் காயப்போடுவது அவர் வேலை. பருத்தியை வில்லால் அடித்து உதிர்த்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். மாரண்டஹள்ளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தெருவே அவரை வில்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

காலை ஏழு மணிக்கு வில்லின் நாண் சத்தம் தொடங்கும். நடுவில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் பாயம்மா கையில் இருக்கும் நீள ஊசியை மெத்தையின் மூலையில் குத்தி வைத்துவிட்டு உள்ளே போவார். வாங்க வந்தவர்கள் நூலோடு நிற்கும் அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். நோன்பு மாதத்தில் அவர் ஊசியில் நூல் கோக்கிற விதமே மாறிவிடும். மற்ற நாட்களில் நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்குவார். நோன்பில் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் தொட்டுக்கொள்வார். "வாயில வெச்சா நோன்பு போயிடாதும்மா" என்று பள்ளிவாசல் அஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். "அது அவருக்குத் தெரியும். எனக்குத் திருப்தியா இருக்கணுமில்ல" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

ஒவ்வொரு மெத்தை தைக்கும்போதும் தன் சொந்த இருப்புப் பஞ்சிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பையில் போடுவார். பை நிறைந்ததும் ஒரு சின்ன மெத்தையும் தலையணையும் தைப்பார். அரசு மருத்துவமனையில் பிரசவமாகி, பழைய சேலையில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கும் பெண் யாராவது இருக்கிறாளா என்று அங்குள்ள நர்ஸிடம் விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். எந்த ஊர், என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்தார். இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அவர் தைத்த மெத்தையில் முதல் தூக்கம் தூங்கினார்கள் என்று அவருக்கும் தெரியாது.

எனக்கும் அவருக்கும் சண்டை இருந்ததில்லை. ஒரே ஒரு முறை நான் கேட்டதை அவர் மறுத்தார். என் வீட்டுக் கேட் முழுதாகத் திறப்பதற்காக அவர் கொட்டகையை நான்கடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"பின்னால தள்ளுனா வெயிலு வராதுங்க சார். பஞ்சு வெயிலு பாக்கணுமுங்களே."

"நான்கு அடிதானேம்மா?"

"அந்த நாலு அடியிலதான் சார் வெயிலே அடிக்குது" என்றார். பக்கத்தில் நின்ற வில்லுக்காரர் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தெருவில் மனு எழுதுவதற்கும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கும், அண்ணன் தம்பி தகராறுக்கும் என்னிடம்தான் வருவார்கள். யாரும் என் பேச்சை மறுத்ததில்லை. அந்தச் சிரிப்பு பல நாள் என் காதில் இருந்தது. என் மனைவிக்கு இழுப்பு உண்டு. பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் அப்படிக் குறை சொன்னதில்லை. மாலையில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துதான் பாயம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பேசும்போது கேட்ட ஒன்றை அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் கடைசியாகப் படுத்திருந்த மெத்தையை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் எறிந்துவிடுவார்கள். அப்படி எறியப்போகிற மெத்தைகளைச் சிலர் பாயம்மாவிடம் கொடுத்துவிடுவார்களாம். அவர் பஞ்சைப் பிரித்து, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, வில்லுக்காரரை அடிக்கச் சொல்லி, சிவப்புக் கயிறு கட்டிய தனிச் சாக்கில் வைத்திருப்பாராம். தான் படுக்கிற மெத்தைக்கு அந்தப் பஞ்சுதான். "விக்கிறதுக்குப் புதுசு வேணும். எனக்கு எதுக்குத் தங்கச்சி புதுசு? அதுல படுத்தா போய்ச் சேந்தவங்களுக்கு ஒரு துவா செய்யணும்னு தானா ஞாபகம் வருது" என்றாராம். என் மனைவி இதை வியப்போடு சொன்னாள். நானும் வியப்போடுதான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் விடைத்தாள் திருத்தும் வேலைக்காகத் தருமபுரி போயிருந்தேன். அங்கே ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் கையெழுத்தில்லாத ஒரு மனுவைத் தட்டச்சு செய்தேன். மேற்படி பெண்மணி இறந்தவர்களின் மெத்தைகளைச் சேகரித்து, அந்தப் பஞ்சைப் புது மெத்தைகளில் அடைத்துப் பொதுமக்களுக்கு விற்று வருகிறார், நோய் பரவுகிறது, கொட்டகையை மூட வேண்டும் என்று எழுதினேன். சாக்கில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும் என்ற விவரத்தையும் சேர்த்தேன். வாக்கியங்கள் நன்றாக அமைந்தன என்றுகூட நினைத்தேன். அங்கிருந்தே சுகாதார அலுவலகத்துக்குத் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"சார், ஆபீசுலருந்து காயிதம் வந்திருக்குதுங்க. என்னமோ மெத்தைய பத்தின்னு சொன்னாங்க. கொஞ்சம் படிச்சு சொல்லுங்க."

விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். அதோடு நான் தட்டச்சு செய்த மனுவின் நகல். நான் எழுதியதை நானே அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எதையாவது விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். விடவில்லை. விட்டால் பிறகு வேறு யாராவது படிக்கும்போது தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

சிவப்புக் கயிறு வந்த இடத்தில் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத இன்னொரு தடவ படிங்க சார்."

படித்தேன்.

"கவுறு கட்டுன சாக்கு ரெண்டே பேருக்குத்தான் தெரியுமுங்க" என்றார் மெதுவாக. "ஒண்ணு தங்கச்சி. இன்னொண்ணு வில்லுக்காரன்."

என் மனைவி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, சத்தியமா நான் வெளிய யாருகிட்டயும் சொல்லலீங்க்கா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்னைய சொல்லுவனா தங்கச்சி?" என்றார் பாயம்மா. "இருவது வருசமா ஒரே கொட்டாயில கூட வேல செஞ்சவன். அவனுக்கு நான் என்ன கொறை வெச்சேன்னுதான் தெரியல."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், விளக்கக் கடிதம் எழுத வெள்ளைத்தாள் எடுத்து வந்தேன். நல்ல கடிதம். அவர் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். சாக்கையும், அவர் படுக்கிற மெத்தையையும் பார்த்தார். குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். ஆனால் அதற்குள் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த ஆண்டு ஒரு கல்யாண வீட்டிலிருந்தும் சீர் மெத்தைக்கு ஆள் வரவில்லை. புதுப்பெண்ணின் கட்டிலுக்குச் செத்தவர் பஞ்சா என்று தக்காளி மண்டிவரை பேசினார்கள். அப்போதுதான் பாயம்மா தையலைக் கொட்டகைக்கு உள்ளேயிருந்து தெருப்பக்கம் மாற்றினார். ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டார். "கைய வுட்டுப் பாத்துக்கங்க" என்று சொல்லத் தொடங்கினார். ஊர் திரும்ப அவரிடம் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளும் பிடிப் பஞ்சு எடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. எடுக்கப் பஞ்சு குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

வில்லுக்காரரை அவர் திட்டவில்லை. "நாளைலருந்து வர வேணாம்பா" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. அதற்கு மறுநாள் காலை, மூன்று தெருக்கள் கூடும் முக்குட்டு டீக்கடையில் அவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "இருவது வருஷம் உப்பைத் தின்ன வூட்டுக்கு இப்படிப் பண்ணலாமாப்பா?" என்று கேட்டேன். வகுப்பில் மாணவனைக் கேட்கிற அதே குரலில் கேட்டேன். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பாதி குடித்த கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதன்பிறகு அவரை நான் பாலக்கோட்டில் பார்க்கவில்லை.

என் மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து பாயில் படுத்தாள். கேட்டதற்கு முதுகுவலி என்றாள். இறக்கும்வரை பாயில்தான் படுத்தாள்.

பாயம்மா எங்களிடம் எப்போதும்போலவே இருந்தார். என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது நாங்கள் கேட்காமலேயே சின்ன மெத்தையும் தலையணையும் கொண்டுவந்தார். "இது பிடிப் பஞ்சு இல்லீங்க சார், புதுசா வாங்குன பஞ்சு. கைய வுட்டுப் பாத்துக்கங்க" என்று ஓரத்தைத் தைக்காமல் கொண்டுவந்து, என் கண்முன்னால் தைத்துக் கொடுத்தார். நான் கையை விட்டுப் பார்த்தேன். பார்க்காவிட்டால் தையல் போட மாட்டாரே.

சில ஆண்டுகளுக்கு முன்னால் அவருடைய மகளும் மருமகனும் அவரை மக்காவுக்கு உம்ரா அழைத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பயணம் கிளம்புகிறவர்கள் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மாப்பு கேட்க வேண்டும். மனிதர்களுக்குச் செய்த தப்பை அந்த மனிதர்கள்தான் மன்னிக்க வேண்டும், இறைவனிடம் அதற்கு வழியில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தெரிஞ்சோ தெரியாமயோ ஒரு வார்த்த தப்பா பேசியிருந்தா மாப்பு பண்ணிடுங்க சார்."

"நீங்க என்னம்மா தப்பு பண்ணீங்க?"

"அப்படி சொல்லப்படாதுங்க. பண்ணிட்டேன்னு வாயால சொல்லணும்."

"மாப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "உங்க மனசுல ஏதாச்சும் இருந்தாலும் சொல்லிடுங்க சார். அங்க போயி நிக்கறப்ப சொமை இல்லாம நிக்கணும்" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லபடியா போயிட்டு வாங்க."

"சரிங்க சார்" என்று கிளம்பினார். திரும்பி வந்ததும் பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார்.

போன மாங்காய்ப் பருவத்தில் ஒரு மதியம், தைத்துக்கொண்டிருந்த மெத்தையில் ஊசியைக் குத்திவிட்டுத் தொழுகைக்குப் போனவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் அவரை வைத்திருந்தபோது மருமகன் முன்னால் வந்து, "எங்க மாமி யாருக்காவது மனக்கஷ்டம் குடுத்திருந்தா இப்பவே மாப்பு பண்ணிடுங்க" என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். நான் கேட்டுக்கு வெளியே மற்ற தெருக்காரர்களோடு நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஓடிப்போய்ச் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அந்த நடையில்தான் வில்லுக்காரர் என்று தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துப் பாயம்மாவின் மகளிடம் கேட்டேன். இப்போது கொட்டகையை அந்தப் பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். "மாரண்டஹள்ளிக்காரர் எப்படிம்மா வந்தார்? அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சே இல்லையே?"

"அதெல்லாம் அப்ப சார். உம்ரா போறதுக்கு முன்னாடி அம்மா மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறிப் போயி மாப்பு கேட்டுட்டு வந்தாங்க. அவரு அந்தக் காயிதத்த எழுதலீங்களாம். சாமி மேல சத்தியம் பண்ணாராம். அம்மா ஒரு நாள் முழுக்க சோறு திங்கல. அப்புறம் ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவாங்க."

"எங்க வூட்டுக்கு வந்தது அதுக்கு முன்னாலயா?"

"இல்லீங்க சார். உங்க வூட்டுக்குத்தான் கடைசியா வந்தாங்க. கூட வரட்டான்னு கேட்டேன். வேணாம், வாத்தியாரு வூட்டுக்கு நான் மட்டும் போறேன்னாங்க."

அவள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். கயிறு கட்டிய சாக்கு இரண்டே பேருக்குத் தெரியும் என்றவர் அவர். ஒருவர் இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது என் வீடுதான். அதைத் தெரிந்துகொண்டுதான் என் வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். சுமை என்று அவர் சொன்னது அவருடையதை அல்ல.

மறுநாள் மாரண்டஹள்ளிக்குப் போனேன். வில்லுக்காரர் மகனுடைய காய்கறிக் கடையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து, "வாங்க சார்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், என் மனைவி சொன்னதை வைத்து எழுதினேன், டீக்கடையில் கேட்டதும் தெரிந்தே கேட்டேன் என்று.

அவர் பீன்ஸைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"கட்டடம் கட்ற எடத்துல கல்லு சொமந்தேன் சார். பஞ்சு சொமந்த தோளு" என்றார். பிறகு, "அம்மா வந்து என் காலத் தொட வந்துச்சு. நான்தான் வுடல. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நீங்க சொல்றதைச் செய்யறேன்."

"மாப்பு எனக்குக் குடுக்கத் தெரியாதுங்க. ஆயித்து பிடி" என்றார். முடிந்தது, விடுங்கள் என்று கன்னடத்தில் சொல்வது அது. ஆனால் அவர் விடவில்லை. "எந்த டீக்கடையில கேட்டீங்களோ அந்தக் கடையில வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். அது போதும்."

அடுத்த சந்தை நாளில் அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சலவை மடிப்பு. முக்குட்டு டீக்கடையை இப்போது பழைய முதலாளியின் மகன் நடத்துகிறார். தக்காளி ஏற்றி வந்த நான்கைந்து விவசாயிகள், இரண்டு தரகர்கள், போனில் பேசிக்கொண்டு ஒரு பையன். நான் டீ சொன்னேன், இரண்டு. பிறகு, "ஒரு நிமிஷம், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

பாதியில் தரகர்களில் ஒருவர், "யாரு, மெத்தைக்கார பாயம்மாவா? அவங்கதான் போயிட்டாங்களே சார், இப்ப என்னாத்துக்கு?" என்றார்.

"சொல்லட்டும் வுடுப்பா" என்றார் மூலையில் இருந்த வயதான ஒருவர். அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த ஏழெட்டுப் பேரில் அவர் ஒருவர். நான் முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. வில்லுக்காரரைப் பார்த்தார். "அப்ப நீ இல்லியாடா? என் மக கண்ணாலத்துக்கு உனக்குப் பத்திரிகையே வெக்கலியேடா பாவி" என்றார்.

"மக நல்லாருக்குதா?" என்றார் வில்லுக்காரர்.

"அது புள்ளைக்கே கண்ணாலம் ஆயிடுச்சு."

கடைக்காரர் டீயை நீட்டினார். வில்லுக்காரர் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளாஸை அலசி வைத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து பாயம்மாவின் கொட்டகைப் பக்கம் நாலு எட்டு வைத்தவர், நின்று திரும்பினார்.

"நீங்க வரலீங்களா? அங்க அவங்க பொண்ணு இருக்குது. அதுக்கும் சொல்லணுமில்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. டீக்கடையோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எழுந்து அவர் பின்னால் நடந்தேன். கொட்டகைக்கு வெளியே ஸ்டூல் காலியாக இருந்தது.